"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "சரிங்க டாக்டர்" என்கிறார் அம்மா. அடுத்த முறை எப்படிப் பேசுவது?

கரிசல்காட்டான் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார், வயது 64, பதினைந்து வருடமாகச் சுகர். மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் மாம்பழ சீசன் தொடங்கும்போது காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை, பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் சேர்த்திருந்தோம். புண் ஆறியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே பார்த்தார்கள். இன்சுலின் தொடங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் கீழே இன்சூரன்ஸ் கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அண்ணன் கார் பிடிக்கப் போய்விட்டான், மேலே மதினியும் அம்மாவும் மட்டும். ஒரு சிஸ்டர் வந்து மருந்துப் பையைக் கட்டில் மேல் கவிழ்த்து, "காலையில 20, ராத்திரி 12, சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும், ஃபிரிட்ஜ் கதவுல வைங்க, புரிஞ்சுதாம்மா?" என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். அம்மா "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டியிருக்கிறார். முடிந்தது பாடம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசிகள் பத்து நாளில் தீர்ந்தன. அண்ணன் ஊர் மெடிக்கலில் போய் "இன்சுலின் ஊசி குடுங்க" என்று கேட்டான், கொடுத்தார்கள். முதலில் கொடுத்தது சிவப்பு மூடி, இது ஆரஞ்சு மூடி. ஏதோ வேறு கம்பெனி போல என்று யாரும் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகு சுகர் ஏற ஆரம்பித்தது. 280, 310, 340. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊசி ஒழுங்கா போடுறீங்களா? மாம்பழம் எல்லாம் வெளுத்துக் கட்டுறீங்களாக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உண்மையிலேயே முந்தின வாரம் அரை மாம்பழம் சாப்பிட்டிருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சியில் வாயே திறக்கவில்லை. டாக்டர் காலை 30, ராத்திரி 20 என்று ஏற்றி எழுதிவிட்டார். அதற்கும் சுகர் பெரிதாக இறங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து கடையில் ஆரஞ்சு மூடி ஊசி இல்லை, சிவப்பு மூடி கொடுத்தார்கள். அன்று ராத்திரி எட்டு மணி வாக்கில் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, மதினியைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். மதினி பயந்துபோய் மெஷினில் பார்த்தால் 48. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த சிஸ்டர்தான் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்: "ஊசியக் கொண்டாந்திருக்கீங்களா? இதுக்கு முன்னாடி எதுல போட்டீங்க?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவின் மருந்துக் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் மருந்துக்கானது, அதில் உள்ள கோடுகளே வேறு கணக்கு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 8 யூனிட்தான். 30 வரை இழுத்தால் 12. ஆக ஒரு மாதத்துக்கு மேல் அம்மா கால் வயிறும் அரை வயிறுமாக மருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் அது தெரியாமல் அளவை ஏற்ற, சரியான ஊசி கைக்கு வந்த அன்றே ஏற்றிய அளவு முழுசாக உள்ளே இறங்கிவிட்டது.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், பழையபடி 20, 12 என்று மாற்றியாயிற்று. யார்மேல் தப்பு என்று பஞ்சாயத்து வைக்க நான் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி டாக்டரிடம் போகிறோம், இந்த முறை நானும் போகிறேன். எப்படிப் பேசுவது? அம்மா எதற்கும் "சரிங்க டாக்டர்"தான். நான் கேள்வி கேட்டால் டாக்டர் முகம் சுளிப்பாரோ என்று அம்மாவுக்கு வேறு பயம். ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி சிஸ்டர்

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரே மூச்சு வாக்கியத்தை நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். "புரிஞ்சுதாம்மா?" என்று முடிப்பது எங்களுக்கு ஒரு தாளம் மாதிரி, அதற்குப் பதில் எதிர்பார்ப்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு "புரியல சிஸ்டர்" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நைட்டியும் கையில் மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியுமாக உட்கார்ந்திருக்கும்போது, சுற்றி நாலு பேர் பார்க்கையில், புரியவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

நான் மாறியது ஒரு பெரியவரால். இரைப்பு நோய்க்காக ஒரு வாரம் எங்கள் வார்டில் இருந்தார். வீட்டுக்குப் போகும்போது மூச்சில் உறிஞ்சுகிற கேப்ஸ்யூலும் அதற்கான கருவியும் கொடுத்து அனுப்பினோம். பதினைந்தே நாளில் அதே இரைப்போடு திரும்பி வந்தார். "மருந்து எடுத்தீங்களா அய்யா?" "ஒரு வேளை தவறலம்மா." கேஸ் ஷீட்டில் 'மருந்துக்குக் கட்டுப்படவில்லை' என்று எழுதப் போனார்கள். எனக்கு என்னவோ தோன்றி, "எப்படி எடுப்பீங்க, ஒரு தடவை காட்டுங்க" என்றேன். பையிலிருந்து கேப்ஸ்யூலை எடுத்தார், வாயில் போட்டார், தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டார். கருவி பிரிக்காத உறையோடு பையிலேயே கிடந்தது. அவர்மேல் என்ன தப்பு? கேப்ஸ்யூல் என்றால் உலகம் முழுக்க விழுங்குவதுதானே.

அதிலிருந்து நான் "புரிஞ்சுதா"வை விட்டுவிட்டேன். "அம்மா, நான் வேகமா சொல்லிட்டேன், சரியா சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு, வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்களேன்" என்பேன். பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கக் கூடாது, அதுதான் சூட்சுமம். பழியை நம் தலையில் போட்டுக்கொண்டால் அவர்கள் கூச்சப்படாமல் செய்து காட்டுவார்கள். பாதிப் பேர் முதல் தடவை தப்பாகத்தான் செய்வார்கள். பேனா ஊசியில் உள்மூடியைக் கழற்றாமலே குத்துவார்கள், கலங்கலான மருந்துக் குப்பியை உருட்டிக் கலக்காமல் தெளிவான மேல் தண்ணியை மட்டும் இழுப்பார்கள். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா, மூன்று நிமிடம். ஆனால் அந்த மூன்று நிமிடம் எல்லா நாளும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி 40 படுக்கைக்கு நான் ஒருத்தி இருக்கிற நாட்களில் நானும் பழைய தாளத்துக்குத்தான் போய்விடுகிறேன்.

உங்கள் விஷயத்தில், மருந்துக் குப்பி, ஊசி, மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். ஊசி போடுவது மதினி என்றால் மதினியும் வர வேண்டும். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து நன்றாகப் புரிந்துகொண்டு மறுபடி பஸ் ஏறிப் போவதில் அம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. மதினி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது நூற்றுக்கு நூறு சரி. மூன்று ஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், 70க்குக் கீழேயே இருந்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும். சுத்தமாக நினைவு இல்லையென்றால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான்.

ஓபி நம்பர் 137

நானும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன்தான், பொது மருத்துவம். உங்கள் அம்மாவின் டாக்டர் இடத்தில் நான் இருந்தாலும் அன்று அளவை ஏற்றித்தான் எழுதியிருப்பேன். சுகர் 340 என்றால் எங்கள் மூளையில் முதலில் வருவது "சாப்பாடு", இரண்டாவது "ஊசி போடுவதில்லை", மூன்றாவது "அளவு போதவில்லை". "தப்பான ஊசி" என்பது ஏழாவதோ எட்டாவதோதான் வரும், அதற்குள் அடுத்த நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மாம்பழக் கேள்வி வேறு. அதைக் கேள்வி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நானும் போட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டால் நோயாளி பொய் சொல்வார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வார். உங்கள் அம்மா இரண்டாவது ரகம்.

நேரம் இல்லை என்பது வெறும் சாக்கு இல்லை. 2017இல் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி ஒரு ஆய்வு வந்தது, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் வங்கதேசத்தில் சராசரி 48 வினாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், நம் நாட்டில் சுமார் 2 நிமிடம். ஆனால் நேரம் நிறைய இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 1984இல் ஒரு ஆய்வில், நோயாளி வாயைத் திறந்து சராசரியாக 18 வினாடியிலேயே டாக்டர் குறுக்கே புகுந்துவிடுவதாகக் கண்டார்கள். ஆக அங்கேயும் இந்த வியாதி உண்டு. குறுக்கே போகாமல் விட்டால் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், இது என் அனுபவத்தில் கண்டது.

நாங்கள் படித்த காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்லீரலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று ஒரு மாதம் பழகினோம், கல்லீரல் கெட்டுவிட்டது என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது எப்படி என்று ஒரு மணி நேரம்கூடப் பழகவில்லை. 2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோதுதான் நடத்தை, அறம், உரையாடல் என்று ஒரு தனிப் பகுதியே நுழைந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போதுதான் டூட்டிக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள், பார்ப்போம்.

வார்த்தைப் பிரச்சனை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "மயக்கமா வருது டாக்டர்" என்பார்கள். ஒருவருக்கு அது தலைசுற்றல், இன்னொருவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது, இன்னொருவர் நிஜமாகவே நினைவு தப்பி விழுந்திருப்பார், நாலாமவருக்கு வெறும் அசதி. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. "வாய்வு" என்று சொல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் மாரடைப்பு எத்தனை பார்த்திருக்கிறேன். அதனால் டாக்டரிடம் போகும்போது வியாதிக்குப் பெயர் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "ராத்திரி எட்டு மணிக்கு, ஊசி போட்டு இவ்வளவு நேரம் கழிச்சு, வேர்த்துச்சு, ஆளைத் தெரியல, மெஷின்ல 48." இப்படி வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: உள்ளே போனதும் முதல் வாக்கியமாக "போன தடவை வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் ஒரு பெரிய விஷயம் நடந்துச்சு டாக்டர்" என்று ஆரம்பியுங்கள். சீட்டை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சீட்டு கைக்கு வந்துவிட்டால் நாங்கள் எழுத ஆரம்பித்துவிடுவோம். கடைசியில் எழுந்திருக்கும் முன், "நான் புரிஞ்சுகிட்டத ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன் டாக்டர், தப்புன்னா சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற டாக்டர் இருந்தால், சரி, சுளித்துக்கொள்ளட்டும்.

சும்மா ஒரு ஆள்

டாக்டர் சார் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. நிஜத்தில்? போன வருடம் அப்பாவுக்கு எழுதிய மருந்தை எதற்கு என்று கேட்டேன், "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா? அப்ப அங்கயே வைத்தியம் பார்த்துக்கங்க" என்று பதில் வந்தது. அப்பா வீட்டுக்கு வரும் வரை என்னோடு பேசவில்லை, டாக்டர் மனசைப் புண்படுத்திவிட்டேனாம்! 600 ரூபாய் கொடுத்தது நாங்கள், புண்பட்டது அவர். கேள்வி கேட்டால் ஆள் வம்புக்காரன், கேட்காவிட்டால் அக்கறை இல்லாதவன். போங்க சார்.

ஓபி நம்பர் 137

அவர் அப்படிச் சொன்னது தப்பு, சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், "இது எதுக்கு?" என்ற கேள்வி எங்கள் காதில் சில சமயம் "இது தேவையா?" என்று விழுகிறது. "இத எத்தனை நாள் சாப்பிடணும், இடையில நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள், எதற்கு என்பதும் சேர்ந்தே வந்துவிடும். இது உங்கள் வேலை இல்லை, எங்கள் காதுதான் சரியாக இருக்க வேண்டும். ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே.

முக்குக்கடை மெடிக்கல்

எல்லோரும் டாக்டரையும் சிஸ்டரையும் பேசுகிறீர்கள், ஆரஞ்சு மூடியை எடுத்து நீட்டியது எங்கள் ஆள்தானே. நான் டி.பார்ம் முடித்து 17 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். "இன்சுலின் ஊசி" என்று கேட்டு வந்தால் "40ஆ 100ஆ, பாட்டிலக் காட்டுங்க" என்று கேட்டே ஆக வேண்டும். 40க்குப் பதில் 100 ஊசி போனால் மருந்து குறையும், அதுவாவது பரவாயில்லை. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், ஆளையே தூக்கிவிடும். கடையில் பையன்களை வைத்துக்கொண்டு டீக்குப் போகிற முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும், நான் உட்பட.

சீட்டில் 1-0-1 என்று எழுதுவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. எங்களுக்குப் பழக்கம். ஒரு பாட்டி அதை நூற்றி ஒன்று என்று படித்துவிட்டு, "நூத்தியொரு மாத்திரையா எழுதிருக்காக?" என்று கேட்டது. சிரித்தேன், அப்புறம்தான் உறைத்தது, கேட்காமல் போகிறவர்கள் எத்தனை பேரோ. அன்றிலிருந்து கவரில் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்து பக்கத்தில் கோடு போட்டுக் கொடுக்கிறேன், படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆகிறது, கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கும் ஆகிறது.

இதைவிட எனக்குப் பயம் இரண்டு விஷயத்தில். ஒன்று, ஒரே மருந்து இரண்டு பெயரில். ஆஸ்பத்திரியில் ஒரு கம்பெனி சுகர் மாத்திரை கொடுத்திருப்பார்கள், எங்களிடம் அது இல்லாமல் வேறு கம்பெனி கொடுப்போம், வீட்டில் பழைய அட்டையும் பாக்கி இருக்கும், "ரெண்டும் டாக்டர் குடுத்ததுதானே" என்று இரண்டையும் விழுங்குவார்கள். அட்டையைக் கத்திரித்துக் கொடுத்தால் பெயரும் தெரியாது, தேதியும் தெரியாது, அதனால் பெயர் உள்ள முனையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, மூட்டுவாதத்துக்கு எழுதுகிற மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு தடவைதான் சாப்பிட வேண்டும். மாத்திரை என்றாலே தினமும் என்று பழகியவர்கள் தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகிற அளவுக்கு வந்துவிடும். "வாரம் ஒரு தடவை" என்று சொல்லிக் கொடுத்தால் போதாது. "எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?" என்று கேட்பேன். "வெள்ளிக்கிழமை வேணாம், விரதம், புதன் வச்சுக்கிறேன்" என்று அவர்கள் வாயாலேயே கிழமை வந்த பிறகுதான் மருந்தை நீட்டுவேன்.

2016லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, மருந்துப் பெயரைப் புரியும்படி, முடிந்தால் கேபிடல் எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் என் மேசையில் வருகிற சீட்டுகளில் பாதி கோழி கிளறியதுதான். டாக்டர் சார், உங்களைச் சொல்லவில்லை, உங்கள் சீட்டு நான் பார்த்ததில்லை.

கோர்ட்டு வாசல்

இடையில் ஒரு சட்டக் குறிப்பு. தப்பு யார்மேல் என்று போக வேண்டாம் என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் கேஸ் ஷீட்டின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். அப்புறம், ஆபரேஷனுக்கு முன் "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஆங்கிலப் படிவத்தை நீட்டுவார்களே, கையெழுத்து மட்டும் சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று போதுமான அளவுக்குச் சொல்லிய பிறகு தருவதுதான் சம்மதம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்க்கிற லேப்ராஸ்கோப்பிக்கு, அதுவும் சோதனைக்காக மட்டும், சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு அது. பெரிய ஆள், நினைவோடு இருக்கக் கூடியவர், அவரைத்தான் கேட்க வேண்டும், வீட்டாரை அல்ல. நம் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது, டாக்டர் பிள்ளையிடம் பேசுவார், பிள்ளை அம்மாவிடம் "ஒண்ணுமில்லம்மா" என்பார்.

பனங்கூடல்

மேலே வழக்கறிஞர் எழுதின கடைசி வரி என்னைக் குத்திப்போட்டுது, அதுதான் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டனில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போய் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் வைத்தியர் சோதனை முடிவைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகச் சொன்னார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "சின்னக் கட்டியாம் அம்மா, மருந்து தருவினமாம்" என்றேன். அவ்வளவுதான். வைத்தியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும் மூன்று நிமிடக் கதை ஆறு சொல்லுக்குள் அடங்காது என்பது தெரியும்தானே. அடுத்த முறை போனபோது இலவசமாக ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் ஏற்பாடு செய்துவிட்டார்கள், வீட்டாரை வைத்து மொழிபெயர்ப்பிக்கக் கூடாது என்பதுதான் இங்கே முறை. எனக்குச் சரியான கோபம். ஆனால் அன்றைக்கு அம்மா நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி, "இது புற்றுநோயோ?" அவவுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பயப்படுத்தக் கூடாதென்று அவவும் கேட்காமல் இருந்திருக்கிறா.

சிரிப்பான பக்கமும் உண்டு. அந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். மருந்து தொடங்கின பிறகு அம்மா "ஒரே சத்தியாக் கிடக்கு" என்று சொன்னா. எங்கட ஊரில் சத்தி என்றால் வாந்தி. அவர் அதைச் சக்தி என்று எடுத்து, அம்மா நல்ல தெம்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்! வைத்தியர் சந்தோசமாகத் தலையாட்ட, நான் பாய்ந்து விழுந்து திருத்த வேண்டியதாய்ப் போயிற்று. ஆகவே நீங்கள் அம்மாவோடு போவது நல்லது, ஆனால் அம்மாவுக்காகக் கதைக்காமல், அம்மா கதைக்கிறபோது பக்கத்தில் இருங்கள். கேள்வியை அவவைக் கொண்டே கேட்பியுங்கள். முதல் நாளே வீட்டில் இருந்து இரண்டு பேருமாக எழுதி வைத்தால் சுகம்.

கரிசல்காட்டான்

போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

முந்தின நாள் ராத்திரி அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து, "டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?" என்றேன். "எனக்கு என்னப்பா தெரியும், நீயே கேளு" என்றார். விடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ராத்திரி ஊசி போட்ட பிறகு எட்டு மணிக்கெல்லாம் படபடன்னு வருது. அத வேணா கேக்கலாமா?" என்றார். இத்தனைக்கும் இது சரியான ஊசி, சரியான 12 யூனிட்டுக்கு மாறின பிறகு. இதை மதினியிடம்கூடச் சொன்னதில்லை.

உள்ளே போனதும் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்தார். இரண்டு ஊசிகளையும் மேசைமேல் வைத்தோம். ஆரஞ்சு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர், "நான் இதக் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சொன்னார். நான் வழி நெடுகத் தயார் செய்துகொண்டு போன வசனமெல்லாம் வீணாகிவிட்டது.

அப்புறம் அம்மா வாயைத் திறந்தார். படபடப்பைச் சொன்னார். டாக்டர், "ராத்திரி ஊசி எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்று கேட்டார். "ஆறரைக்கு, விளக்கு வச்சதும்." "சாப்பாடு?" "ஒம்பதுக்கு, நாடகம் முடிஞ்சு." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும்மா, யாரும் சொல்லலையா?" அம்மா சொன்ன பதில் இதுதான்: "சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னாக. முன்னாடிதானய்யா போடுறேன்?"

மதினி ஊசி போட்டுக் காட்டினார், சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். உருட்டாமல் இழுத்ததற்கு ஒரு திருத்தம். உள்ளே இருந்தது மொத்தம் ஒன்பது நிமிடம், வெளியே வரும்போது அடுத்த டோக்கன்காரர் முறைத்தார்.

இரவுப்பணி சிஸ்டர்

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்சம் இருக்கிற ஆரஞ்சு மூடி ஊசிகளை வீட்டில் வைக்காதீர்கள், அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள். பிரிக்காததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், போட்ட ஊசிகளைக் குப்பையில் கொட்டாமல் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ராத்திரி ஊசி இனிமேல் எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அம்மாவையே சொல்லச் சொல்லி இங்கே எழுதுங்கள்.

கரிசல்காட்டான்

கேட்டேன் சிஸ்டர். "எட்டரைக்கு ஊசி, ஒம்பதுக்குச் சோறு. நாடகத்த விட முடியாது" என்கிறார்.